பதாகையில் இருந்த முகம்

2024 யூலை 14, ஞாயிறு, நண்பகல்.

நேற்றைய பதிவில் ஒரு பிழை. கோப்பாய்ச் சந்தியில் பஸ் பழுதாகி நின்ற நேரம் 3.10 என்று எழுதியிருக்கிறேன். அப்போது அருந்ததிக்கு அனுப்பிய செய்தியை இன்று பார்த்தேன். 3.25. பதினைந்து நிமிடம் பிழை. சிவப்புப் பேனையால் திருத்தியிருக்கிறேன். இனிமேல் நேரத்தை அந்தந்த இடத்திலேயே குறிக்க வேண்டும்.

இதை எழுதி முடித்த கோபிகா கொப்பியை மூடவில்லை. பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளி யூலை ஐந்தாம் திகதிக்குப் போனாள். அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் இருந்தது. 'கண்ணீர் அஞ்சலிப் பதாகை: படம் சரிபார்த்துக் கொடுத்தேன்.' அதில் சிவப்பு மை படவேயில்லை. பஸ்ஸின் பதினைந்து நிமிடத்துக்காக இரண்டு வரி எழுதும் கை, அந்த இடத்துக்கு வந்தால் தானாகவே பக்கத்தைப் புரட்டிவிடும். இன்றும் அப்படித்தான் புரட்டியது.

கோபிகாவுக்கு இருபத்திரண்டு வயது. நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் இரண்டாவது மகள். பகலில் ஒரு பார்மசியில் வேலை. மருந்துப் பெட்டி ஒவ்வொன்றின் காலாவதித் திகதியையும் இரண்டு தரம் பார்த்துத்தான் அலுமாரியில் அடுக்குவாள். அடுக்கிய பிறகு சரியாகப் பார்த்தோமா என்ற ஐயம் வந்து மூன்றாம் தரமும் எடுத்துப் பார்ப்பாள். கிழமையில் மூன்று நாள் பின்னேரம், யாழ்ப்பாணத்தில் செய்தி எழுதப் பழக்கும் வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்தாள். அங்கே படிப்பிக்கிற பெர்னடெட் ரீச்சர்தான் எல்லோரையும் நாட்குறிப்பு எழுத வைத்தவர். "கண்டதை எழுதுங்கோ. பிழை விட்டால் அடுத்தநாள் முதல் வரியிலை அதை ஒத்துக்கொள்ளுங்கோ. பேப்பர்க்காரருக்கும் அதுதான் முறை" என்பார். பதினாலு பேர் கொண்ட அந்த வகுப்பில் ரீச்சர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவள் கோபிகா ஒருத்திதான். அதனால்தான் அவளை வகுப்புக்குச் செயலாளர் ஆக்கினார்கள். அதனால்தான் அந்தப் பதாகை வேலையும் அவள் தலையில் வந்து விழுந்தது.

யூலை நாலாம் திகதி, கூடப் படிக்கிற சிவதர்ஷனின் அப்பா முத்துக்குமாரு தெல்லிப்பழையில் காலமானார். சனிக்கிழமை காலை பிரேதம் எடுப்பு. அதற்கு முன்னர் 'எமது சக மாணவனின் பாசமிகு தந்தை' என்று படம் போட்ட பதாகை வீட்டு வாசலில் தொங்க வேண்டும். தொங்காவிட்டால் அது ஒரு வகுப்பே இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் சிவதர்ஷனின் மச்சான் ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கோயில் வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேட்டி, ஒரே மாதிரிச் சால்வை, ஒரே மாதிரி மூக்கு. கீழே ஒரு சொல்லும் இல்லை.

கோபிகா சிவதர்ஷனின் அப்பாவை முன்பின் கண்டதில்லை. கேட்டால் தெரிந்திருக்கும். ஆனால் எப்படிக் கேட்பது? அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்குப் போன் எடுத்து, 'இந்த ரெண்டு பேரிலை ஆர் செத்தது?' என்று எந்த வாயால் கேட்பது? மூன்று தரம் நம்பரை அழுத்தி மூன்று தரமும் மணி அடிக்க முன்னர் வெட்டினாள். பிறகு படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். ஒருவருக்குத் தலை முழுக்க நரை. மற்றவருக்குக் கறுத்த தலை. செத்தவர் நரைத்தவராகத்தான் இருப்பார் என்று தன்பாட்டில் முடிவெடுத்து, படத்தை அச்சகத்துக்கு அனுப்பினாள்.

அச்சகத்தில் பதாகை வடிவமைக்கிற கனிசியஸ் ஏழரை மணிக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, படத்திலை ரெண்டு பேர் நிக்கினம். ஆரை வெட்டி எடுக்கிறது?"

"நரைச்ச தலைக்காரரை அண்ணை."

"வடிவாத் தெரியுமோ? ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன். நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"தெரியும் அண்ணை. அவர்தான்."

அவர் இல்லை. நரைத்தவர் முத்துக்குமாருவின் தமையன் நமசிவாயம். சனிக்கிழமை காலை அவர் உயிரோடு, செத்தவீட்டு வாசல் படலையடியில் நின்று, வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே நாலடி அகலத்தில் அவருடைய முகமே சிரித்துக்கொண்டு தொங்கியது. ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் யாரோ ஏறி அதை அறுத்தார்கள். வான் வண்டியில் வந்து இறங்கிய கோபிகா, அறுக்கிறதைக் கண்டுவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே நின்றாள்.

அன்று மத்தியானம் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில், இது ஆரின்ரை வேலை என்று ஒருவன் கேட்டான். கோபிகாவின் விரல் எழுதியது: 'நான் சரியாத்தான் சொன்னனான். கடையிலை மாறியிருக்கு.'

எல்லோரும் நம்பினார்கள். செயலாளர் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிறவள் என்று எல்லோருக்கும் தெரியும்.

*

ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்கு கோபிகாவும் கூடப் படிக்கிற அருந்ததியும் பழைய பூங்காவின் வாசல் கேற்றடியில் சந்தித்தார்கள். ரீச்சர் கொடுத்த வேலை அது. பூங்காவில் ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரோடு கதைக்க வேண்டும். அவர் சொன்னதை அவருடைய வாயால் வந்த மாதிரியே எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, 'ஓம், சரி' என்று அவர் சொன்ன பிறகுதான் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். 'அழகான', 'ரம்மியமான' என்ற இரண்டு சொல்லில் ஒன்று வந்தாலும் பத்துப் புள்ளி போகும்.

கண்டி வீதியின் இரைச்சல் உள்ளே இருபதடி வருவதற்குள் அடங்கிவிட்டது. வெள்ளைக்காரர் ஆட்சியில் வைத்த மரங்கள் மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றன. வெளியே யூலை வெயில் தார் உருக்கிக்கொண்டிருக்க, கீழே நிலம் ஈரமாய் இருந்தது. சோளகக் காற்றுக்குப் பழுத்த இலைகள் கூட்டம் கூட்டமாய் இறங்கின. ஒரு பக்கம் பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை பிடித்தார்கள். மற்றப் பக்கம், இடிந்துபோன பழைய கட்டடமொன்றின் சுவரை வேர்கள் கட்டிப் பிடித்திருந்தன. நடைபாதையில் நாலைந்து பேர் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

கோபிகா கொப்பியை விரித்தாள். 3.36. மரங்கள்: இடப்பக்கம் 14.

"எடியே, மரம் எண்ணவே வந்தனாங்கள்?" என்றாள் அருந்ததி. புடவைக் கடையில் வேலை செய்கிறவள். எவரோடும் ஒரு நிமிடத்தில் கதை தொடங்கிவிடுவாள். கையில் ஒரு கடதாசிச் சரை நிறைய வறுத்த கச்சான் கடலை. "இரு வாங்கிலை. ஆள் பிடிக்கிற வேலையை என்னட்டை விடு. நீ எழுது. உன்ரை எழுத்துத்தான் ரீச்சருக்கு விளங்கும்."

மரத்தடி வாங்கில் இருவரும் அமர்ந்தார்கள். கச்சான் பாதி முடிகிறதற்குள் ஒரு வயதானவர் நடந்து வந்து, அவர்கள் இருந்த வாங்கின் மூலையில் ஒரு சின்னக் கல்லை வைத்தார். வெள்ளைச் சேட், மடித்துக் கட்டிய வேட்டி, ஒன்பது பத்து நாள் தாடி.

"பயப்பிடாதையுங்கோ பிள்ளையள். வாங்கு உங்களுக்குத்தான். இந்த மூலை மட்டும் எனக்கு. அஞ்சு சுத்து நடக்கிறனான். சுத்துக்கு ஒரு கல். இல்லாட்டி மறந்துபோவன்."

சொல்லிவிட்டு நடந்தார். கோபிகாவின் பேனை நின்றுவிட்டது. அந்த மூக்கு. அந்த நரை. தாடியை எடுத்துவிட்டால் அது அவள் விரலால் பெருப்பித்துப் பார்த்த முகம்.

"வா போவம்" என்றாள்.

"ஏன்?"

"தலையிடிக்குது."

"பார்மசியிலை வேலை செய்யிற உனக்கு ஒரு பனடோல் கிடைக்காதோ? சும்மா இரடி. நல்ல ஆள் வந்து மாட்டியிருக்கிறார். கல்லு வைச்சு எண்ணுறார், பாத்தியே? இவரை விட்டால் வேறை ஆரைப் பிடிக்கிறது?"

இரண்டாவது கல்லை வைக்க அவர் வந்தபோது அருந்ததி எழுந்து நின்றாள். "ஐயா, நாங்கள் மாலை வகுப்பிலை படிக்கிற பிள்ளையள். உங்களோடை கொஞ்ச நேரம் கதைக்கலாமோ? ஒண்டுக்கும் பயப்பிடாதையுங்கோ, பேப்பரிலை வராது."

"பேப்பரிலை வந்தால் என்ன? என்ரை படம் தெருவிலையே வந்திட்டுது" என்று சிரித்துக்கொண்டு வாங்கில் அமர்ந்தார். "கேளுங்கோ."

"நெடுக இஞ்சை வாறனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. நான் பின்னேரத்திலை கோயிலுக்குப் போற ஆள். இப்ப துடக்கு. தம்பி செத்து இண்டைக்குப் பத்து நாள். முப்பத்தொண்டாம் நாள் முடியுமட்டும் கோயில் வாசல் மிதிக்கேலாது. வீட்டிலை இருந்தால் மனிசி கமலாவதி என்னைப் பாத்துப் பாத்து அழுகிறா. அதுதான் இஞ்சை வந்து சுத்துறன். முப்பது வருசம் பக்கத்துக் கச்சேரியிலை அரசாங்கக் கிளாக்கராய் இருந்தனான். அப்ப ஒருநாளும் உள்ளுக்கை வந்து நடக்கேல்லை."

"உங்களைப் பாத்து ஏன் அவ அழுகிறா?"

"நான் செத்ததை அவ கண்ணாலை கண்டவவெல்லோ."

அருந்ததி கச்சான் சரையை மடித்து வைத்தாள். கோபிகா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதினால் நிமிர வேண்டியதில்லை.

நமசிவாயம் அதை ஒரு பகிடிக் கதையாகத்தான் தொடங்கினார். செத்தவீட்டு வாசலில் தன் படத்துக்குக் கீழே தானே நின்றாராம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருவர், காலில் வருத்தத்தோடு சாவகச்சேரியிலிருந்து வந்தவர், பதாகையைப் பார்த்து ஓவென்று அழுதுகொண்டு உள்ளே போக, எதிரில் இவர் நின்றிருக்கிறார். "அந்தாள் என்னைத் தொட்டுப் பாத்தது, பிள்ளை. கையைத் தொட்டுப் பாத்திட்டுச் சொல்லுது, 'அட, சூடாக் கிடக்குது!'" கனடாவிலிருந்து ஒருவர் போன் எடுத்துக் கமலாவதிக்கு அனுதாபம் சொல்லவேண்டும் என்றிருக்கிறார். போனை எடுத்தது இவர். "'நான்தான் கதைக்கிறன்' எண்டன். மற்றப் பக்கம் சத்தமில்லை. பேந்து போன் வெட்டிப்போச்சு."

அருந்ததி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள். அவரும் சிரித்தார்.

"அந்தப் பனர் இப்ப வீட்டை அலுமாரிக்கு மேலை மடிச்சுக் கிடக்குது. எரிக்கிறதுக்கு மனிசி விடுறா இல்லை. உயிரோடை இருக்கிற ஆளின்ரை முகமாம். எறியவும் விடமாட்டா. மாட்டுக்கொட்டிலுக்குக் கூரையாப் போடுவம் எண்டால் அதுக்கும் அழுகிறா."

பிறகு அவர் சிரிப்பை விட்டார். மூலையில் இருந்த இரண்டு கல்லையும் எடுத்துத் திரும்ப வைத்தார்.

"எனக்கு அது ஒண்டுமில்லை. நான் இருக்கிறன்தானே. அவனை நினைச்சாத்தான். அவனை ஊரிலை பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆக்கள் குறைவு, பிள்ளை. 'கிளாக்கற்றை தம்பி' எண்டுதான் சொல்லுறது. அப்பா அம்மாவைப் பாத்தது அவன். இடம்பெயர்ந்து திரியேக்கை அவையைச் சைக்கிளிலை வைச்சு உருட்டினவன் அவன். ஆமி காணியைத் திருப்பி விட்டவுடனை போய்ப் பத்தை வெட்டினவன் அவன். ஆனால் அவன் கிளாக்கற்றை தம்பி. சபையிலை ஒருநாளும் முன்னுக்கு வந்து நிக்கமாட்டான். அந்தக் கோயில் படத்துக்கும் நான்தான் கையைப் பிடிச்சு இழுத்து நிப்பாட்டினனான். ஊர் அவனுக்கெண்டு ஒரு படம் தூக்கினது அண்டைக்கு ஒருநாள்தான். அதிலையும் நான்தான் நிண்டன்."

கோபிகா எழுதினாள். 'அதிலையும் நான்தான் நிண்டன்.' வாயால் வந்த மாதிரியே எழுதினாள். 'நிண்டன்' என்ற சொல்லில் பேனை இரண்டு தரம் ஓடி மை தடித்துவிட்டது.

அருந்ததியின் முகம் மாறியிருந்தது. "ஐயா, நீங்கள் சிவதர்ஷன்ரை பெரியப்பாவோ?"

"ஓம். அவனைத் தெரியுமோ?"

"ஐயோ! இவ்வளவு நேரமும் எனக்குப் பிடிபடேல்லையே. நாங்கள்தான் ஐயா சிவதர்ஷன்ரை வகுப்பு. அந்தப் பனர் எங்கடைதான். எனக்குக் கடையிலை லீவு தரேல்லை, செத்தவீட்டுக்கு வரேல்லை, அதுதான் உங்களைத் தெரியேல்லை. எல்லாம் அந்த அச்சகக்காரர் செய்த வேலை. நான் போன் எடுத்து முதலாளிக்கு நல்லா ஏச்சுக் குடுத்தனான்."

நமசிவாயம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "படம் குடுத்தது ஆர்?"

"இவதான். கோபிகா. இவதான் செயலாளர். இவவிலை ஒரு பிழையும் இல்லை ஐயா. எங்கடை வகுப்பிலை எல்லாத்தையும் ரெண்டு தரம் பாக்கிற ஒரே ஆள் இவதான். அவையள்தான் மாத்தி வெட்டிப்போட்டினம். என்னடி?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். வாய் திறந்தால் எல்லாம் வந்துவிடும் என்று கோபிகாவுக்குத் தெரிந்தது. அது திறந்தது.

"ஓம் ஐயா" என்றாள்.

அவ்வளவுதான் வந்தது. கனிசியஸ் அண்ணைக்குச் சொன்ன அதே மாதிரி.

"ம்" என்றார் நமசிவாயம். "நானும் அந்த அச்சகத்துக்குப் போனனான். முப்பத்தொண்டுக்கு அவன்ரை சரியான படத்தைப் போட்டு ஒண்டு அடிப்பமெண்டு. பனர் செய்யிற பொடியனை வேலையாலை நிப்பாட்டிப்போட்டினமாம். பொடியன் எண்டு சொல்லுறன், ரெண்டு பிள்ளையின்ரை தகப்பன். பதினொரு வருசம் அங்கை நிண்டவனாம். 'வகுப்பிலை ஒரு தங்கச்சியிட்டை ரெண்டு தரம் கேட்டனான், அவர்தான் எண்டு சொன்னவ' எண்டு அவன் சொல்லியிருக்கிறான். முதலாளி நம்பேல்லை. வகுப்பிலை இருந்து போன் எடுத்து ஏசினவை, ஆனபடியால் பிழை எங்கடைதான் எண்டார். விடுங்கோ எண்டு நானும் சொல்லிப் பாத்தன். கேக்கிறார் இல்லை."

எழுந்தார். "மிச்சம் மூண்டு சுத்து இருக்குது. நடந்திட்டு வாறன். எழுதினதை வாசிச்சுக் காட்டுங்கோ."

*

மூன்றாவது சுற்றுக்கு ஆறு நிமிடம் எடுத்தது. கோபிகா நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆறு நிமிடமும் அருந்ததி கதைத்துக்கொண்டிருந்தாள். அச்சகக்காரன் தப்புவதற்குப் பொய் சொல்கிறான், ஒரு பிள்ளையின் தலையில் பழியைப் போடுகிறான், பாவம் இந்த மனிசன்.  அந்த ஐயா வந்தால் சொல்லுவேன் என்று கோபிகா தனக்குள் சொன்னாள். அவர் வந்தார். மூன்றாவது கல்லை வைத்தார். சின்னதாய்ச் சிரித்துவிட்டுப் போனார். அவள் கொப்பியில் 'மூன்றாம் கல், 4.31' என்று எழுதினாள்.

நாலாவது சுற்றில் காரணங்களைத் தேடினாள். இங்கே சொன்னால் அருந்ததிக்குத் தெரியும். அருந்ததிக்குத் தெரிந்தால் வகுப்புக்குத் தெரியும். சிவதர்ஷன் திரும்பி வகுப்புக்கு வந்து முன்வாங்கில் இருப்பான், அவனுக்குப் பின்னால் அவள் இருக்க வேண்டும். ரீச்சர் அவளுடைய நாட்குறிப்பைத்தான் எல்லோருக்கும் மாதிரியாகக் காட்டுகிறவர். காரணங்களை எண்ணிப் பார்த்தாள். எல்லாம் தன்னைப் பற்றியே இருந்தன. ஒன்றில்கூடக் கனிசியஸ் இல்லை. அவருடைய முகம்கூட அவளுக்குத் தெரியாது. அவருடைய குரல்தான் தெரியும். 'ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன். நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.'

நாலாவது கல் 4.37.

அவர் பத்தடி போனதும் கோபிகா எழுந்தாள். "எங்கையடி?" என்று அருந்ததி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவருக்குப் பின்னால் நடந்தாள். வயதானவர் என்றாலும் நடை கெதி. இடிந்த கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் எட்டிப் பிடித்தாள்.

"ஐயா."

அவர் திரும்பினார். "என்ன பிள்ளை, வாசிக்கப் போறீரோ?"

"படம் மாறினது கடையிலை இல்லை ஐயா. அந்த அண்ணை என்னட்டைத்தான் கேட்டவர். ரெண்டு தரம் கேட்டவர். நான்தான் உங்களைக் காட்டினனான்."

சோளகம் ஒரு வீச்சு வீசியது. இலைகள் அவருடைய தோளில் விழுந்தன. அவர் தட்டவில்லை.

"எனக்கு உங்கடை தம்பியைத் தெரியாது" என்றாள். "உங்களுக்கு நரை. அவருக்குக் கறுத்த தலை. அதாலை..."

"அவன் டை அடிக்கிறவன்" என்றார் நமசிவாயம். "அறுபத்தாறு வயசிலையும் அடிச்சவன். நான் பகிடி பண்ணுவன்." பிறகு, "ஏன் கேக்கேல்லை? ஒரு சொல்லுத்தானே" என்றார்.

"செத்தவீட்டிலை, இதிலை ஆர் செத்தது எண்டு கேக்க வெக்கமாய் இருந்தது ஐயா."

"வெக்கம்" என்றார். பகிடிக் கதை சொன்ன குரல் அதில் இல்லை. "சரி, அது அண்டைக்கு. பேந்து? அவன் வேலையாலை நிண்டு ஒரு கிழமை. இப்ப, கால் மணித்தியாலத்துக்கு முன்னம், படம் குடுத்தது ஆரெண்டு கேட்டனான். ஓம் எண்டீர்."

 கண்ணீர் வந்தால் அவர் இரங்கிவிடுவாரோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பே அவளுக்கு இன்னொரு வெட்கமாகிவிட்டது. நல்லவேளை, கண்ணீர் வரவில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நான் மன்னிச்சு என்ன பிள்ளை? எனக்கு வேலை போகேல்லை. எனக்குப் போனது வேறை. அதை நீரும் தரேலாது, நானும் கேக்கேலாது." கேற் பக்கம் பார்த்தார். "எழுதினதை வாசிச்சுக் காட்டவேண்டாம். சரியாத்தான் எழுதியிருப்பீர்."

நடைபாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள்ளால் நேரே கேற்றடிக்குப் போனார். ஐந்தாவது சுற்று அரைவாசியில் நின்றுவிட்டது.

கோபிகா வாங்குக்குத் திரும்பி வந்தபோது அருந்ததி கச்சான் உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன, மனிசன் சொல்லாமல் கொள்ளாமல் போறார்? என்ன கேட்டனி?"

கோபிகா நின்றபடியே சொன்னாள். படம் வந்தது, போன் வந்தது, தான் சொன்னது, குழுவில் எழுதியது. ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல் சொன்னாள். அப்படிச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியும். அருந்ததி உரித்த கச்சானை வாயில் போடவில்லை.

"அப்ப நான் அந்த முதலாளிக்குப் போன் எடுத்தனே" என்றாள் கடைசியில். "என்னென்ன சொல்லி ஏசினனான் தெரியுமோ? 'கண் தெரியாத ஆக்களை வேலைக்கு வைச்சிருக்கிறியளோ' எண்டு கேட்டனான். அவர் 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி' எண்டு மூண்டு தரம் சொன்னவர். நீ பக்கத்திலை இருந்தனி, கோபி. நான் போன் எடுக்கேக்கை நீ எனக்குப் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனி."

"ஓம்."

"ஓம் எண்டு சொல்லாதை. உன்ரை ஓமைக் கேக்கவே ஏலாமல் கிடக்குது." எழுந்து பாவாடையைத் தட்டினாள். "குழுவிலை நீ எழுதுறியோ, நான் எழுதட்டோ?"

"நான் எழுதுறன்."

"எழுது. நான் சுண்டுக்குளிப் பக்கம் போறன்." அவளுடைய வீடு அந்தப் பக்கம் இல்லை. கச்சான் சரையையும் கொண்டுபோய்விட்டாள்.

வாங்கின் மூலையில் நாலு கல் இருந்தன. கோபிகா அவற்றை எடுக்கவில்லை, தட்டிவிடவுமில்லை. நாளைக்கு அவர் வருவாரோ, வந்தால் இந்த வாங்குக்குத்தான் வருவாரோ, அவளுக்குத் தெரியவில்லை. போனை எடுத்து எழுதினாள். எழுதி அழித்தாள். 'மனம் வருந்துகிறேன்' என்று தொடங்கியதை அழித்தாள். 'சில காரணங்களால்' என்றதை அழித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'முத்துக்குமாரு ஐயாவின்ரை பனரிலை படம் மாறினது கடையின்ரை பிழை இல்லை. கனிசியஸ் அண்ணை ரெண்டு தரம் கேட்டவர். நான்தான் தெரியாமல் பிழையான ஆளைக் காட்டினனான். பேந்து கடையிலை மாறியிருக்கெண்டு இஞ்சை எழுதினது பொய். கோபிகா.'

அனுப்பினாள். பஸ் நிலையத்துக்கு நடந்து வருகிற வழியில் ஒவ்வொருவராகப் பார்த்த அடையாளம் விழுந்துகொண்டிருந்தது. பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்தபோது பன்னிரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. கோப்பாய் தாண்டும்போது பதின்மூன்றாவது அடையாளம் விழுந்தது. சிவதர்ஷன். அவன் எழுதுகிறான் என்று காட்டியது. பிறகு அது நின்றது. திரும்பவும் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. நீர்வேலியில் இறங்கும்வரை கோபிகா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் வரவில்லை.

வீட்டில் அம்மா, "பூங்கா எப்பிடி?" என்று கேட்டார். "பெரிசு" என்றாள். முகம் கழுவிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னரே கொப்பியை எடுத்தாள். யூலை ஐந்தாம் திகதிப் பக்கத்தைத் திறந்து, இந்தத் தடவை புரட்டாமல், சிவப்புப் பேனையால் அந்த வரியை வெட்டினாள். கீழே எழுதினாள்: 'படம் சரிபார்க்கவில்லை. கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டேன்.' பிறகு இன்றைய பக்கத்துக்கு வந்தாள்.

யூலை 14, ஞாயிறு, மாலை 6.20.

பழைய பூங்கா. மரங்களை எண்ணி முடிக்கவில்லை. கதைத்தவர்: நமசிவாயம் ஐயா. எழுதியதை வாசித்துக் காட்டி 'ஓம்' வாங்கவில்லை. ஆகவே வகுப்புக்குக் கொடுக்க முடியாது. ரீச்சரிடம் காரணம் சொல்ல வேண்டும்.

நாளை, திங்கள்: பார்மசியில் அரைநாள் லீவு கேட்பது. 7.40 பஸ். அச்சகம் திறப்பது 8.30. முதலாளியை நேரில் கண்டு சொல்ல வேண்டியது: கனிசியஸ் அண்ணை என்னிடம் இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் பிழையாகச் சொன்னது நான். பிறகு கனிசியஸ் அண்ணையின் வீடு எங்கே என்று கேட்டு, அங்கே போவது.